மூச்சும் சோலையும்

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு முதல் ஓரிரு நாள்கள் மூச்சு சற்றே வேகமாக ஓடும். அப்போது கபாலபாதி போன்ற விரைவான மூச்சுப் பயிற்சிகளைத் தவிர்த்து, நாசித் துளைகளில் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியை மட்டும் நிதானமாகச் செய்வதே நல்லது என்பது என் அனுபவம். உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சு நீளும்போது மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது; மனம் அடங்குவதற்கு உடலே இவ்வாறு வழிவிடுவதைக் காலைதோறும் வியப்போடு உணர்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் பாம்பார் சோலை எனும் மலைக்காட்டின் ஓரமாக நடப்பேன். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுபவை இந்தச் சோலைக்காடுகள். பாசி படர்ந்த மரங்களுக்கிடையே, ஈரமண் வாசனையில் நிற்கும்போது, கண்களை மூடாமலேயே தியானம் கூடிவிடுகிறது (யூக்கலிப்டஸ் தோப்புகளில் இந்த நிறைவு எனக்குக் கிடைத்ததில்லை). அங்கே செல்லும்போது கைபேசியை எடுத்துச் செல்வதில்லை.