கடவுச்சொல் மாற்றிய பின் கிளவுடில் உள்நுழைய முடியவில்லையா? முதலில் கோப்புகளைப் பாருங்கள்

கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிய சற்று நேரத்தில், சில வேளைகளில் மறுநாள், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் செயலிகள் (கோப்புகளை இணையத்தில் சேமித்து வைப்பவை) மீண்டும் உள்நுழையும்படி கேட்கத் தொடங்குகின்றன. புதிய கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டச்சு செய்தும் அதே செய்தி திரும்பத் திரும்ப வரும்போது, பலர் பொறுமையிழந்து செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். இன்னும் சிலர் கணினியில் உள்ள கிளவுட் ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். உள்நுழைவுப் பிழையால் ஒரு கோப்பும் தொலைவதில்லை. அதைச் சரிசெய்யும் அவசரத்தில்தான் தொலைகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் இந்தச் சிக்கலோடு என்னிடம் வருபவர்கள் பலர் என்பதால், நான் கடைப்பிடிக்கும் வரிசையைக் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

கிளவுட் செயலிகள் பெரும்பாலும் உங்கள் கடவுச்சொல்லைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. முதல் முறை நீங்கள் உள்நுழையும்போது சர்வர் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, அதற்கு ஈடாகச் செயலிக்கு இரண்டு டோக்கன்களை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்டும் மின்னணு அனுமதிச் சீட்டுகளை, வழங்குகிறது. 2012இல் வெளியான ஓஆத் 2.0 என்ற நெறிமுறையை ஒட்டிய ஏற்பாடு இது. முதல் டோக்கன் கோப்புகளை எடுக்கவும் ஏற்றவும் பயன்படுவது; அதன் ஆயுள் குறைவு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டியது. இரண்டாவது நீண்ட ஆயுள் கொண்டது. முதல் டோக்கன் காலாவதியாகும்போதெல்லாம் அதைக் காட்டிச் செயலி புதியதொன்றைப் பெற்றுக்கொள்கிறது. கடவுச்சொல் மாறியதும் பல சேவைகள் இந்த இரண்டாவது டோக்கனை ரத்து செய்துவிடுகின்றன. கையில் எஞ்சியிருக்கும் முதல் டோக்கன் காலாவதியாகும் வரை எல்லாம் வழக்கம்போல் நடக்கும் என்பதால்தான், மாற்றிய உடனே வராத பிழை ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. இதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடவுச்சொல்லைத் திருடிய எவரேனும் ஏற்கெனவே கணக்கினுள் இருந்தால், அவரை வெளியேற்றுவதும் இதே ரத்துதான்.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, பழுது கணக்கில் இருக்கிறதா, உங்கள் கணினியில் இருக்கிறதா என்பதை. பிரவுசரில் தனிப்பட்ட (இன்காக்னிட்டோ) சாளரம் ஒன்றைத் திறந்து, சேவையின் தளத்துக்கு நேரே சென்று, புதிய கடவுச்சொல்லைக் கையால் தட்டச்சு செய்து உள்நுழைந்து பாருங்கள். சாதாரண சாளரத்தில் பழைய குக்கிகளும் (முந்தைய உள்நுழைவை நினைவில் வைத்திருக்கும் சிறு பதிவுகள்), பிரவுசர் தானாக நிரப்பும் பழைய கடவுச்சொல்லும் குறுக்கே வரும். புள்ளிகளாக மட்டுமே தெரிவதால் நிரம்பியிருப்பது பழையதா புதியதா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தாலும், வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இறுதியில் ஓர் இடைவெளி சேர்ந்துகொண்டாலும் இதே கதிதான். கடவுச்சொல்லைக் காட்டும் கண் குறியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. மின்னஞ்சலில் வரும் "மீண்டும் உள்நுழையவும்" என்ற இணைப்பை மட்டும் அழுத்த வேண்டாம். கடவுச்சொல் மாற்றிய சமயத்தில் அத்தகைய போலி அஞ்சல் வந்தால் எவரும் எளிதில் நம்பிவிடுவார்கள்.

தளத்தில் உள்நுழைய முடிந்தால் கணக்கு நலமாக இருக்கிறது, பழுது கணினியில்தான் என்று முடிவு செய்யலாம். அடுத்து, கணினியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பான இணைப்பின் சான்றிதழ்களுக்கும் டோக்கன்களுக்கும் காலவரம்பு உண்டு. உள்நுழைவின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காக அத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணும் வழக்கமாக 30 விநாடிகளுக்கு ஒருமுறை மாறுவது, அதைக் கணக்கிடுவது அந்தக் கருவியின் கடிகாரத்தை வைத்து. நேரத்தைத் தானியங்கியாக அமைத்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் நிறுத்தி, கோப்புகளைப் பாருங்கள். உள்நுழைவு அறுந்த கணத்திலிருந்து நீங்கள் செய்த மாற்றங்கள் எதுவும் மேலே போகவில்லை; ஆனால் ஃபோல்டர் வழக்கம்போலத் திறக்கும், சேமிக்கவும் சேமிக்கும், ஆதலால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. என் அக்கா மகளின் மடிக்கணினியில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். அவளுடைய ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்துக்குப் பக்கத்தில், பச்சை டிக் குறி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றையொன்று துரத்தும் இரண்டு நீல அம்புகள் இருந்தன. கணினியில் அந்தக் கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம் அன்று மாலை. தளத்தில் அதே கோப்பைத் திறந்தால், அது முந்தைய வாரத்துப் பிரதி. அந்த ஒரு வார எழுத்து முழுவதும் அந்த மடிக்கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. செயலியை நீக்கி ஃபோல்டரை அழித்துவிடுமாறு யாரோ அவளுக்கு அறிவுரை சொல்லியிருந்தார்கள்.

ஆகவே, அண்மையில் திருத்திய கோப்புகள் அனைத்தையும், சந்தேகம் இருந்தால் ஃபோல்டர் முழுவதையுமே, கிளவுட் ஃபோல்டருக்கு வெளியே வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டே அடுத்த அடி எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், நகலெடுத்தால் போதும். மேகக் குறி மட்டும் காட்டும் கோப்புகள் கணினியில் இல்லை, சர்வரில் மட்டுமே இருப்பவை; உள்நுழையாத நிலையில் அவற்றை நகலெடுக்க முயன்றால் பிழைதான் வரும், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. நகல் கைக்கு வந்துவிட்ட பின் மற்றதெல்லாம் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை.

இப்போது செயலியில் வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். பலருக்கு இத்துடன் சரியாகிவிடும். சரியாகவில்லையென்றால், ரத்தான பழைய உள்நுழைவுப் பதிவைக் கணினியே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலுக்குள் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற பகுதி இருக்கிறது. செயலியை முழுதாக மூடிவிட்டு, அங்கே விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்ற பட்டியலைத் திறந்தால், நீண்ட பெயர்களுக்கு நடுவே, எடுத்துக்காட்டாக, "ஒன்டிரைவ் கேஷ்டு கிரெடென்ஷியல்" என்று தொடங்கும் வரியைக் காணலாம். அந்தச் சேவைக்குரிய வரியை மட்டும் நீக்குங்கள். பட்டியலையே துடைத்துவிட்டால் அலுவலக நெட்வொர்க், பிரிண்டர் என்று தொடர்பில்லாதவையும் உள்நுழைவு கேட்கும். மேக் கணினியில் இதே வேலைக்குக் கீசெயின் ஆக்சஸ் இருக்கிறது.

அதற்கும் மசியவில்லையென்றால், செயலியின் அமைப்புகளில் இந்தக் கணினியின் இணைப்பைத் துண்டிக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். பெயரைக் கேட்டுப் பலர் அஞ்சினாலும், ஒன்டிரைவில் இது கணினியில் உள்ள கோப்புகளை அழிப்பதில்லை. மீண்டும் இணைக்கும்போது, அதே பெயரில் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்ற அறிவிப்பு வரும். அந்த ஃபோல்டரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். வேறிடத்தைக் காட்டினால் எல்லாக் கோப்புகளும் புதிதாக இறங்கத் தொடங்கி, பழையவை ஒரு பக்கம், புதியவை ஒரு பக்கம் என்று குழப்பம் பெருகும். செயலியை நீக்கி நிறுவுவதை நான் கடைசிக்கும் கடைசியாகவே வைத்திருக்கிறேன். பழைய பதிவு கிரெடென்ஷியல் மேனேஜரிலேயே தங்கிவிட்டால் அதனால் பயனும் இல்லை.

கணினி சரியான பிறகும் அவ்வப்போது கணக்கு பூட்டப்படுகிறது என்றால், வேறெங்கோ ஒரு கருவி பழைய கடவுச்சொல்லை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போன், கிளவுடுக்கு நேரே அனுப்பும் ஸ்கேனர், இரவில் இயங்கும் பேக்கப் நிரல் ஆகியவை வழக்கமான காரணங்கள். டோக்கன் முறை அறியாத இத்தகைய கருவிகளுக்காகச் செயலிக் கடவுச்சொல் என்ற ஒன்றைச் சில சேவைகள் தருகின்றன. கூகுள் தருவது 16 எழுத்துகள் கொண்டது. கூகுளும் ஆப்பிளும், கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றியதும், முன்பு தந்த செயலிக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுகின்றன. எனவே புதிய முதன்மைக் கடவுச்சொல்லை அந்தக் கருவியில் எத்தனை முறை கொடுத்தாலும் பயனில்லை; புதிய செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கித்தான் கொடுக்க வேண்டும். நாமே சொந்தமாக நிறுவி நடத்தக்கூடிய கிளவுட் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட் இயங்கும் சர்வரில், தவறான முயற்சிகள் தொடர்ந்தால் அந்த முகவரியிலிருந்து வரும் உள்நுழைவுகள் வேண்டுமென்றே தாமதப்படுத்தப்படும். உள்நுழைவுப் பக்கம் ஆமை வேகத்தில் திறந்தால் இந்தக் காரணத்தையும் நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது, பழைய கடவுச்சொல் தெரிந்திருந்து அதை மாற்றியவர்களுக்கு. மறந்துபோய் மீட்டமைப்பது வேறு விஷயம், மெகா போன்ற முனைக்கு முனை குறியாக்கச் சேவைகளில் மிகவும் வேறு. அங்கே கோப்புகளைத் திறக்கும் சாவி உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கிறது. நிறுவனத்திடமும் அதற்கு மாற்றுச் சாவி கிடையாது. கணக்குத் தொடங்கியபோது கொடுக்கப்பட்ட மீட்புச் சாவி கையில் இல்லாமல், வேறெந்தக் கருவியிலும் உள்நுழைந்திராமல் மீட்டமைத்தால், கணக்கு திரும்பக் கிடைக்கும், உள்ளே இருந்த கோப்புகள் கிடைக்கா. அத்தகைய சேவையைப் பயன்படுத்துபவர்கள், இதைப் படித்த கையோடு மீட்புச் சாவியைத் தேடி எடுத்து, அந்தக் கணக்குக்கு வெளியே ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணினிக்கும் சர்வருக்கும் இடையே கோப்புகளின் ஒத்திசைவு மீண்டும் தொடங்கியதும் அது முழுமையாக ஓயும் வரை கணினியை மூடாமல் விடுங்கள். இரண்டு இடங்களிலும் திருத்தப்பட்ட கோப்பு ஏதும் இருந்தால், ஒன்டிரைவ் கணினியின் பெயரைச் சேர்த்து இன்னொரு பிரதியை உருவாக்கும்; டிராப்பாக்ஸ் முரண்பட்ட நகல் என்ற குறிப்போடு தனிக் கோப்பாக வைக்கும். அவற்றைத் திறந்து ஒப்பிட்டு, எது புதியதென்று தீர்மானித்து, தளத்திலும் அதே பிரதி இருப்பதை உறுதி செய்த பிறகு, முதலில் வெளியே எடுத்து வைத்த நகலை நீக்கலாம்.