வால் ஒருவழியாகப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது

சனிக்கிழமை இரவு தம்பியின் கையில் என் துணிப் பாம்பின் வாலை வைத்ததும் அது தானாகச் சுருண்டு முழங்கைவரை ஏறி இறுக்கிக்கொண்டது. அவன் உதறிப் பார்த்தான், விடவில்லை. உடம்புப் பக்கம் பிடித்து இழுத்தான், இன்னும் இறுகியது. "டேய், எடுத்துவிடுடா" என்று அவன் கத்த, எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை காலம் சாக்குமூட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்த மூன்றரை மீட்டர் துணிப் பாம்பு முதன்முறையாக மலைப்பாம்பு போல நடந்துகொண்டது.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு பெரிய பாம்பைக் கையாள்வது பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி தெரிந்ததுதான். இல்லை, நிஜப் பாம்பு இல்லை. வனவிலங்குச் சட்டம் 2020இல் இன்னும் இறுகிவிட்டது. ஊர்வனவற்றில் வீட்டில் வைக்க நமக்கு வாய்த்தவை சிவப்புக் காது ஆமையும் மலாயா பெட்டி ஆமையும்தான். கால்வாய் ஓரத்தில் மலைப்பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நான்கறை அடுக்குமாடி வீட்டில் ஆறு மீட்டர் வளரக்கூடிய ஒன்றை வைத்துக்கொள்வது அதற்கும் நல்லதில்லை, மேல்மாடிக்காரருக்கும் நல்லதில்லை. ஆனால் வெளிநாடுகளில் வளர்ப்பவர்கள் அதை எப்படித் தூக்குகிறார்கள், சுற்றிக்கொண்டால் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துக் கை அரிக்க ஆரம்பித்தது. மெல்பர்னில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் உரிமம் வாங்கிக் கார்பெட் மலைப்பாம்பு என்ற ஆஸ்திரேலிய வகையை வளர்க்கிறார். அடுத்த முறை போகும்போது கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கை பழகட்டும் என்று தொடங்கியதுதான் இந்தப் பொம்மை.

கார்பெட் மலைப்பாம்புக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்காதீர்கள். செய்வதுதான் செய்கிறோம், ஆறு மீட்டர் வளரும் நம் ஊர் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பையே செய்வோமே என்ற ஆசை.

எடைக் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போர்னியோவில் பாலிக்பாப்பான் பக்கம் ஆய்வாளர்கள் அளந்த காட்டுப் பாம்பு ஒன்று 6.95 மீட்டர் நீளம், 59 கிலோ. நீளம் பாதியானால் பருமனும் பாதியாகும், ஆகவே எடை எட்டில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் மூன்றரை மீட்டருக்கு ஏழரை கிலோ வருகிறது. ஆனால் அந்தப் பாம்பு அளந்த நேரத்தில் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இளைத்திருந்தது. அதனால் என்னுடையதற்கு ஒன்பது கிலோ வைத்தேன். ஒன்பது கிலோ என்றால் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டுகூட இல்லையே என்று தோன்றும். மூன்றரை மீட்டருக்கு நீட்டி, வழுக்கும் துணிக்குள் போட்டுத் தூக்கிப் பாருங்கள். தாங்காத இடம் எதுவோ அங்கேதான் மொத்த எடையும் போய் உட்காரும்.

உள்ளே போட்டது சிராங்கூன் நார்த் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் பொடிச் சரளை. மணல் வேண்டாம், எந்தத் தையலிலும் கசியும். சரளையை ஒரே குழாயாக நிரப்பினால் தூக்கியதும் எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிடுகிறது. குறுக்கே தையல் போட்டு அறை அறையாகப் பிரித்தால் அறைக்கு அறை மடங்குகிறது, மரப்பாம்பு பொம்மை மாதிரி. பாம்புக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட முதுகெலும்புகள், எந்த இடத்திலும் மடிப்பு விழாது. கடைசியில் கைகொடுத்தது இரட்டைச் சரம். சின்னச் சின்னப் பைகளாகத் தைத்த இரண்டு சரங்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் தையல் மற்றதன் பை நடுவில் வரும்படி அரைப் பை தள்ளிப் பொருத்தினேன். சரளையும் நகரவில்லை, மடிப்பும் விழவில்லை. வெளியே லைக்ரா உறை. பீப்பிள்ஸ் பார்க் மாடியில் நீச்சலுடைத் துணி என்று கேட்டு வாங்குங்கள், பளபளப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். அராப் ஸ்திரீட்டிலும் கிடைக்கும், அங்கே கல்யாணப் பட்டுப் பக்கம் மனைவியின் கால் திரும்பிவிடும், செலவு எகிறும்.

இவ்வளவும் முடித்துக் காணொளி அழைப்பில் பெருமையாகக் காட்டினால் மச்சான் ஒரே வரியில் முடித்துவிட்டார். "மாப்ள, இது செத்த பாம்பு. உயிரோட இருக்கிறது தொங்காது, பிடிக்கும்."

உண்மைதான். பெரிய பாம்பைத் தூக்கும்போது அதற்குப் பிடிமானம் வேண்டும். வால் முதலில் எதையாவது சுற்றும்: கை, நாற்காலிக் கால், இடுப்பு. அது கோபமாகவே இருக்கவேண்டும் என்றில்லை, கீழே விழாமல் இருக்கத்தான் பிடிக்கிறது. அந்தப் பிடியைப் பிரிக்கத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் தெரிந்தும் பயனில்லை.

வாலை எப்படிப் பிடிக்கவைப்பது? சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே வைத்தேன். ரப்பர் இழுக்கும், சுருட்டாது. இரும்புக் கம்பி வளைத்த இடத்திலேயே நின்றுவிடும், திருப்பி இறுக்காது. ஜாலான் புசார் பக்கம் ஒரு வன்பொருள் கடையில் சுருள் ஸ்பிரிங் என்று எடுத்துக் கொடுத்த அங்கிள், எதற்கு என்று கேட்டார். பாம்புக்கு என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

விடை வீட்டு டூல் பெட்டியிலேயே இருந்தது. அளவு டேப்புக்குள் டேப்பை உள்ளே இழுக்கிறதே, அந்தத் தகட்டு ஸ்பிரிங். அதை வெளியே எடுத்து நீட்டிப் பிடித்து விட்டால் கட்டைவிரல் பருமனுக்குச் சுருளப் பார்க்கும். நம் கை அதைவிடப் பருமன். ஆகவே கையைச் சுற்றியதும் உள்ளே சுருங்க முடியாமல் இறுக்கிக்கொண்டே இருக்கும். இதுதானே வேண்டியது! 25 மில்லிமீட்டர் அகல டேப்பில் வருவது நல்ல கனம்.

பிரிக்கும்போது கவனம். டேப்பின் மூடியைத் திறந்ததும் தகடு பாய்ந்து வரும், ஓரம் பிளேடு மாதிரி. தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் பிள்ளைகள் கூடாது. டேப்பை முழுதாக வெளியே இழுத்துப் பூட்டிவிட்டுத் திறக்காதீர்கள், அப்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும். முழுதும் உள்ளே போனபிறகு திறக்கவேண்டும்.

ஒரு தகடு போதவில்லை, துணியின் எடையையே அதனால் சுருட்ட முடியவில்லை. அறுபது சென்டிமீட்டர் துண்டுகளாக மூன்றை அடுக்கினேன். இங்கேதான் வேலை நின்றது. அடுக்கி, துணி டேப் சுற்றி, இரண்டு முனையிலும் இறுக்கித் தைத்தால் மூன்றும் சேர்ந்து விறைத்துப்போகின்றன. தனித்தனியாகத் துள்ளிச் சுருள்பவை சேர்ந்தால் ஏன் அசையமாட்டேன் என்கின்றன? தையலை அவிழ்ப்பதும் மறுபடி தைப்பதுமாக எத்தனை இரவு போனதோ. சுருளும்போது வெளித்தகடு சுற்றவேண்டிய வட்டம் பெரியது, உள்தகட்டுக்குச் சிறியது. ஆகவே தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியாகவேண்டும். இரண்டு முனையையும் கட்டிவிட்டால் எங்கே வழுக்குவது?

அதனால் உடம்புப் பக்க முனையை மட்டும் கட்டினேன். வால்நுனிப் பக்கம் மூன்றும் கட்டற்றுக் கிடக்கும், நுனியில் இரண்டு விரல் அகலத்துக்குக் காலி இடம். ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் அரம் போட்டு மழுக்கி, முனைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். பிறகு கித்தானில் ஒரு நீளப் பை தைத்து உள்ளே நுழைத்தேன். பை இறுக்கமாக இருந்தால் மறுபடி அதே விறைப்பு. தளர்வாக இருந்தால் தகடுகள் பக்கவாட்டில் விலகி ஓரம் துணியைக் கடிக்கின்றன. தகட்டின் அகலத்துக்கு மேல் மூன்று மில்லிமீட்டர், அதுதான் சரியான அளவு. இதை எழுதும்போதே மறுபடி போய்ச் சுருட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். டப் டப் டப் என்று மூன்று சுற்று. என்ன சுகம்!

குறை உண்டு. ஒரு பக்கம்தான் சுருளும், நிஜப் பாம்பு எந்தப் பக்கமும் சுருளும். இன்னொன்று, இது இரும்பு. விளையாட்டுக்குக்கூடக் கழுத்தில் போடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. நிஜப் பாம்புக்கும் அதே விதிதான்: எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் கழுத்தில் போடவேண்டாம்.

பொம்மையை வைத்துப் பயிற்சி செய்யும்போதுதான், பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று கைக்குப் புரிகிறது: வால்நுனியிலிருந்து பிரி. நடுச் சுற்றை இழுத்தால் பக்கத்துச் சுற்றுகள் இறுகுகின்றன. நுனியைப் பிடித்து, சுற்றிய வழியிலேயே திருப்பிக்கொண்டு வந்தால் ஒற்றைக் கையால் கழன்றுவிடுகிறது. ஆனால் அந்த நுனி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால், உங்கள் கை எட்டாத இடத்தில். தம்பியை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு நானே என் தோளிலும் கையிலும் சுற்றிக்கொண்டு பிரிக்கப் பார்த்தேன். இரண்டு கையும் தலையையும் உடம்பையும் தாங்குவதிலேயே போய்விடுகின்றன, நுனிக்கு மூன்றாவது கை வேண்டும். எட்டு அடி தாண்டிய பாம்பைத் தனியாகத் தொடாதே என்று வளர்ப்பவர்கள் சொல்வது சம்பிரதாயப் பேச்சு என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் வால்பக்கம், யார் என்ன செய்வது என்று பெட்டியைத் திறக்கும் முன்பே பேசிக்கொள்ளவேண்டும்.

நேரமும் இல்லை என்பது இன்னொரு விஷயம். மலைப்பாம்பு மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றுதான் படித்து வளர்ந்தோம். 2015இல் வெளியான ஒரு ஆய்வில், மலைப்பாம்பு போலவே இரையைச் சுற்றி இறுக்கும் போவா பாம்பு சுற்றிய எலிகளின் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். சில நொடிகளிலேயே ரத்த அழுத்தம் பாதியாகச் சரிந்திருக்கிறது. மூச்சுக்கு முன்பே ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அதனால் "சுற்றினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற கதையே இல்லை.

தலைப்பக்க வேலையில் மச்சான் சொல்லிக்கொடுத்த கொக்கித் தட்டலையும் சேர்த்திருக்கிறோம். பெட்டியைத் திறந்ததும் கையை விடாமல் கொக்கியால் உடம்பை மெல்லத் தொடுவது. தினமும் செய்தால், கொக்கி பட்டால் இரை வரப்போவதில்லை என்று பாம்புக்குப் பழகிவிடும். இரை தருவதானால் கொக்கி கிடையாது, நீளமான இடுக்கி மட்டும். எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விட்டால் பாம்பைக் குறை சொல்ல முடியாது. கடித்துவிட்டால் இழுக்கக்கூடாது, பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் சதைதான் கிழியும். என் பொம்மைக்குத் தலை இன்னும் ஒரு உருண்டை ஸ்பாஞ்சுதான் என்பதால் கடி பற்றிய பாடம் எல்லாம் வாய்வழிப் பாடமாகவே ஓடுகிறது.

அந்தத் தலையை இந்த மாதம் முடித்திருக்கவேண்டும். தாடை திறந்து மூடவேண்டும், பின்னோக்கி வளைந்த மென்பிளாஸ்டிக் பற்கள் வேண்டும், சட்டைக் கையைக் கவ்வினால் போதும். ஆனால் மனம் அதற்குள் வேறு பக்கம் ஓடிவிட்டது. 2012இல், எலிகளின் ரத்த ஓட்டத்தை அளந்த அதே ஆய்வாளர்கள் செத்த எலிகளுக்குள் செயற்கை இதயம் வைத்துப் போவாவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்பு இருக்கும்வரை பாம்பு அதிக நேரம், அதிக அழுத்தத்தில் இறுக்கியது. இதைப் படித்ததிலிருந்து, தம்பியின் சட்டைக்குள் ரத்த அழுத்தம் பார்க்கும் காற்றுப்பையை வைத்து, என் பொம்மை எவ்வளவு இறுக்குகிறது என்று அளந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று தகட்டிலிருந்து நான்காக்கினால் எவ்வளவு கூடும்? ஆறாக்கினால்? தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இப்போதைய பிரச்சினை வேறு. "ஏங்க, இது எந்த அலமாரியில தூங்கப்போவுது?" என்று கேட்டுவிட்டார்கள். சுருட்டி வைத்தாலும் பெரிய பயணப்பெட்டி ஒன்றை முழுதாக அடைக்கிறது. மெல்பர்னுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன், விமான நிலைய ஊடுகதிர்த் திரையில் இது எப்படித் தெரியும் என்று யோசித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

உங்கள் வீட்டில் உடைந்த அளவு டேப் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். உடம்பின் கடைசி ஒரு மீட்டருக்கும் தகடு போட வேண்டியிருக்கிறது, 25 மில்லிமீட்டர் அகலமென்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.