914.4 மீட்டருக்கு 44 சென்டிமீட்டர் குறைவு

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு (914.4 மீ) மேல் உள்ள தனி மலைகளுக்கு 'மன்ரோ' என்று பெயர். 1891-ல் ஹியூ மன்ரோ வெளியிட்ட பட்டியல் அது. இப்போதைய எண்ணிக்கை 282.

உயரத்தை அளந்துவிடலாம். 2012-ல் ஒரு மலை மறுஅளவையில் 913.96 மீட்டர் என்று வந்தது, பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் எது தனி மலை, எது பக்கத்துச் சிகரத்தின் துணை முகடு? அதற்கு மன்ரோ எந்த எண்ணும் விதிக்கவில்லை, இன்றுவரை பட்டியலைப் பராமரிக்கும் ஸ்காட்டிஷ் மலையேற்றச் சங்கத்தின் தீர்ப்புதான். 2,500 முதல் 3,000 அடி வரையிலான 'கார்பெட்' மலைகளுக்கு இந்தக் குழப்பம் கிடையாது: எல்லாப் பக்கமும் குறைந்தது 500 அடி இறக்கம் வேண்டும். எனக்கு அதுதான் நேர்மையான வரையறையாகப் படுகிறது.

282 மன்ரோக்களையும் ஏறி முடிக்க நினைப்பவர்களைத் தடுக்கும் இடம் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் இருக்கிறது. 986 மீட்டர் 'இன்அக்ஸசிபிள் பினாக்கிள்', மீன் துடுப்பு மாதிரி நிற்கும் பாறை. கிழக்கு விளிம்பில் ஏறி, மேற்கில் கயிறு கட்டி இறங்க வேண்டும். ஈரப் பாறை வழுக்கும், காற்று தள்ளும். அடியில் உள்ள மேட்டோடு திரும்பினால் கணக்கில் வராது. மன்ரோவே இதில் ஏறியதில்லை.

எல்லாம் முடிந்ததும் சங்கத்துக்கு எழுதினால் வரிசை எண் தருவார்கள். ஆதாரம் கேட்பதில்லை.