1977க்கும் 1989க்கும் நடுவில்

முதுமாணி ஆய்வுக்காக இலங்கையின் பாராளுமன்றத் தேர்தல்களை எக்செல் தாளில் பதிந்துகொண்டிருந்தேன். 1977 ஜூலை ஒரு வரி. அதன் கீழே 1989 பெப்ரவரி. பதினொன்றரை ஆண்டுகள் போயிருக்கின்றன, ஆனால் தாளில் ஒரு வெற்று வரிகூட இல்லை. அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ஜனநாயகத் தேய்வு பற்றிப் படிப்பவர்கள் நான்சி பெர்மியோ 2016இல் எழுதிய கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. இராணுவச் சதிகள் குறைந்துவிட்டன, இப்போது தேர்தலில் வென்றவர்களே சட்டத்தின் வழியாகத் தங்கள் அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிக்கொள்கிறார்கள் என்கிறார். துருக்கியையும் ஈக்குவடோரையும் காட்டுகிறார். எனக்கோ இலங்கையின் முதல் நிறைவேற்று ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனதான் நினைவுக்கு வந்தார்.

1977இல் அவரது ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது 50.9 வீத வாக்கு. கிடைத்ததோ 168 ஆசனங்களில் 140. அந்தப் பலத்தில்தான் 1978இன் அரசியலமைப்பும் நிறைவேற்று ஜனாதிபதி முறையும் வந்தன. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளைப் பாராளுமன்றம் ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது. 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை, ஜே.ஆர். வென்றார். அப்புறம்தான் விஷயம். வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் தரும் புதிய விகிதாசார முறையில் பொதுத்தேர்தல் வைத்தால் அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மை கரைந்துவிடும். ஆகவே தேர்தலே வேண்டாம், இருக்கிற பாராளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டு இருக்கட்டும் என்று நான்காம் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களும் வாங்கி வைக்கப்பட்டன. உயர் நீதிமன்றத்தில் நான்கு நீதியரசர்கள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். மக்கள் ஒப்புதல் தந்தால் போதும் என்றது பெரும்பான்மை.

1982 டிசம்பர் 22 அன்று, அவசரகாலச் சட்டத்தின் கீழ், சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். விளக்கு 54.66 வீதத்தில் வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். முறைகேடுகளைப் பின்னர் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே பதிவுசெய்தது.

இதை எப்படி அளப்பது? நாடுகளின் ஜனநாயகத்துக்கு மதிப்பெண் இடும் வி-டெம் (V-Dem) போன்ற திட்டங்கள் பெரிதும் நிபுணர்களின் மதிப்பீட்டை நம்புகின்றன. அரசியல் அறிஞர்கள் ஆண்ட்ரூ லிட்டிலும் ஆன் மெங்கும் அதைக் கேள்வி கேட்டார்கள். பதவியில் இருப்பவர் தோற்கிறாரா என்பது போல நேரடியாக எண்ணக்கூடியவற்றைப் பார்த்தால், உலகளவில் பெரிய சரிவுக்குச் சான்று குறைவு, நிபுணர்களின் அவநம்பிக்கையே மதிப்பெண்ணில் கலந்திருக்கலாம் என்றார்கள். நியாயமான கேள்வி, எனக்கு அவர்கள்மேல் மதிப்புண்டு. ஆனால் நடந்த தேர்தலில் ஆட்சியாளர் தோற்றாரா என்று எண்ணலாம். நடக்கவிடாத தேர்தலை எந்தப் பத்தியில் எண்ணுவது? 1982ஐ வெறும் எண்களாகப் பார்த்தால் வாக்கெடுப்பு நடந்தது, 70 வீதத்துக்கு மேல் மக்கள் வந்தார்கள், பெரும்பான்மை வென்றது என்று அழகாகவே இருக்கும். அந்த ஆண்டுகள் தமக்கு என்னவாக இருந்தன என்று தெரிந்தவர்களின் மதிப்பீட்டை நான் விடமாட்டேன்.

அப்படி நீடித்த பாராளுமன்றத்தில்தான் 1983 ஓகஸ்டில், ஜூலைக் கலவரத்தின் சூடு ஆறுமுன், ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்ற அதன் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். 1977இல் 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்தவர்கள் அவர்கள். அவர்களை அனுப்பிய மக்களுக்கு அதன்பின் பேச ஒரு சபையும் இல்லை, வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலும் இல்லை. பிறகு வந்த போருக்கு இதுதான் ஒரே காரணம் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் ஆய்வின் இந்த அத்தியாயத்தை அடிக்குறிப்பாகச் சுருக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான், "முதன்முதலா எப்ப வோட்டுப் போட்டீங்கள்?"

"குடத்துக்கு," என்றார் உடனே. 1977இல் அவருக்குப் பதினேழு வயது. அடுத்த பாராளுமன்றத் தேர்தல் ஒழுங்காக வந்திருந்தால் இருபத்துமூன்றில் போட்டிருப்பார். 1989இல், இந்திய இராணுவம் ஊரில் நின்றபோது, ஒருவரும் வெளியே போகவில்லையாம். 1994இலும் போகவில்லை. பாராளுமன்றத்துக்கு ஒருவரை அனுப்ப அவர் முதன்முதலாகப் புள்ளடி இட்டது 2000இல், இடம்பெயர்ந்து வந்திருந்த வவுனியாவில், நாற்பதாவது வயதில்.