அத்தை பக்கத்தில் இருந்ததால் சொல்லாத பதில்

முதல் செக்கப்புக்கு அத்தையோடு போயிருந்தேன். ஏழாவது வாரம். நர்ஸ் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். கடைசி பீரியட்ஸ் தேதி, சுகர், தைராய்டு, சொந்தத்தில் கல்யாணமா, வீட்டில் யாருக்காவது பிரஷர் உண்டா. 'பழக்கங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், பக்கத்தில் மல்லிகைப்பூவோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அப்போது நான் நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தபோது தொற்றியது. ஆறு வருஷப் பழக்கம். கணவருக்குத் தெரியும், அவரும் பிடிப்பார். வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அடுத்த ஐந்து வாரம் நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏழு சிகரெட்டை மூன்றாகக் குறைத்தேன். 'ஒரேயடியா நிறுத்தினா டென்ஷன் ஆகும், அது குழந்தைக்கு இன்னும் கெடுதல்' என்று ஆபீஸ் தோழி ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, 'குழந்தை சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆயிடும்' என்றாள். கேட்க இதமாக இருந்ததால் இரண்டையும் நம்பினேன்.

பன்னிரண்டாவது வாரம் ஸ்கேன். அன்று அத்தை வரவில்லை. திரையில் குழந்தை ஒரு கையை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது, வெயிலுக்குக் கண்ணை மறைக்கிற மாதிரி. ரிப்போர்ட்டோடு டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்தவள், அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். "டாக்டர், நான் சிகரெட் பிடிக்கிறேன். ஃபைல்ல இல்லைன்னு இருக்கு."

அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "நாளைக்கு எத்தனை? கடைசியா எப்போ?" என்று கேட்டார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அதனால் நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தமே குறையும். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். என் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அது கூடுதலாகச் சேரும். ஆக ரத்தமும் குறைவு, வருகிற ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு. கர்ப்பம் முழுக்கப் புகைக்கிறவர்களின் குழந்தை சராசரியாக 150 முதல் 250 கிராம் வரை எடை குறைந்து பிறக்கும் என்றார். குறைப்பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது என்று மற்றவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

"மூணாக் குறைச்சிட்டேன்" என்றேன்.

"குறைக்கிறவங்க ஒவ்வொண்ணையும் இன்னும் ஆழமா இழுப்பாங்கம்மா. உங்களுக்கே தெரியாது."

உண்மைதான். ஃபில்டர் வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு விஷயம். ஆக்லாந்திலும் அடிலெய்டிலும் சுமார் 2,500 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு, 2009இல் வெளிவந்தது. 15ஆவது வாரத்துக்குள் அடியோடு நிறுத்தியவர்களுக்குக் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் புகைக்காத பெண்களுக்கு இருந்த அளவில்தான் இருந்தனவாம். எனக்கு அப்போது பன்னிரண்டு முடியப் போகிறது. நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விடுவதற்கான மாத்திரைகள் கர்ப்பத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முடியவே முடியாவிட்டால் நிகோடின் சூயிங்கம், அதுவும் அவரைக் கேட்ட பிறகுதான். வேப், அதாவது இ-சிகரெட், என்ற பேச்சுக்கே இடமில்லை, அதிலும் நிகோடின்தான். நம் நாட்டில் 2019லேயே தடை வந்துவிட்டது. சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசச் சொன்னார். பேசினேன். தமிழிலேயே பேசினார்கள். எந்த நேரத்தில் ஆசை வருகிறது என்று என்னையே எழுதச் சொன்னார்கள். சாப்பிட்டதும், டீ குடித்ததும், மேனேஜரோடு பேசி முடித்ததும் என்று எழுதினேன். ஆசை ஒரு அலை மாதிரி, சில நிமிஷத்தில் இறங்கிவிடும், அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்றார்கள்.

முதல் நாலு நாள் நரகம். கை நடுங்கியது, காரணமில்லாமல் அழுகை வந்தது. மசக்கையும் சேர்ந்துகொண்டது. டீயையே நிறுத்தினேன், ஏனென்றால் டீக்கடைதான் என் சிகரெட் கடை. நெல்லிக்காயை உப்புத் தொட்டுக் கடித்துக்கொண்டே அந்த நிமிஷங்களைக் கடந்தேன்.

இருபதாவது வாரம் ஒரு ராத்திரி தவறினேன். ஒரே ஒரு சிகரெட். வயிற்றுக்குள் அசைவு தெரிய ஆரம்பித்திருந்த நாட்கள் அவை. பாதியில் அணைத்துவிட்டு, விடிந்ததும் டாக்டருக்கு போன் செய்து சொன்னேன். "சரி, இன்னைக்கு மறுபடி ஆரம்பிங்க" என்றார்.

28ஆவது வாரம் டாக்டர் டேப்பை வைத்து வயிற்றை அளந்தார். அந்த மாதங்களில் வாரக் கணக்கும் சென்டிமீட்டர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். எனக்கு 25தான் வந்தது. உடனே ஸ்கேன். குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு 12ஆவது பர்சன்டைல், அதாவது அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரை வரிசைப்படுத்தினால் கீழிருந்து பன்னிரண்டாவது இடம். 10க்குக் கீழே போனால்தான் 'சிறிய குழந்தை' என்பார்கள், நாங்கள் விளிம்பில் நின்றோம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் சீராக இருந்தது. நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அத்தை சமையற்கட்டில் நின்று அழுதார். "நான் ஆக்கிப் போட்டது பத்தலையோ என்னவோ. முருங்கைக்கீரை இன்னும் கொடுத்திருக்கணும்." தன் சமையல்மேல் பழியைப் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்குத் தட்டில் வந்தது. மூன்றாம் நாள் காலை என் கணவரைக் கூப்பிட்டு, "டேய், இனிமே நீ வாசல்ல நின்னுகூடப் பிடிக்கக் கூடாது. உன் சட்டையிலயும் அந்த நாத்தம்தானே இருக்கு?" என்றார். நான் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவர் மொட்டை மாடியில் பிடித்துவிட்டுத்தான் வந்து படுத்தார். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை. அத்தை கேட்டார்.

32ஆவது வாரம் 17ஆவது பர்சன்டைல். 36இல் 19. 38 வாரமும் மூன்று நாளும் ஆனபோது மகள் பிறந்தாள். 2.640 கிலோ. எடைக்குறைவுக்கான கோடு 2.5, அதற்கு மேல் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். "நான் தொடவே தொடாம இருந்திருந்தா எவ்வளவு இருந்திருப்பா டாக்டர்?" என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

கர்ப்பத்தைவிடக் கஷ்டமான காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்றாவது மாதம், தூக்கமில்லாத நாட்கள். 'குழந்தைதான் வெளியே வந்துவிட்டதே' என்று மனசு பேச ஆரம்பித்தது. தாய்ப்பாலிலும் நிகோடின் போகும் என்று தெரிந்தும் பேசியது. ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்து, எட்டு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, சிகரெட் பெட்டியில் இருந்த அதே இலவச எண்ணுக்கு அடித்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இவள் அழ ஆரம்பித்தாள். போனில் அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கிறது.

"முதல்ல பாப்பாவைத் தூக்கிக்கோங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.