90 செ.மீ. பலகையில் டியன் பியன் பூ

மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இதே வேலைதான். 1954-இல் வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சிக்கு முடிவு கட்டிய டியன் பியன் பூ முற்றுகையை பிளைவுட் பலகையில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தாக்கில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுப் படையை, வியட் மின் என்ற வியட்நாம் விடுதலைப் படை வளைத்துக்கொண்ட போர் அது. அளவு 1:20,000. சுமார் 18 கி.மீ. பள்ளத்தாக்கு 90 செ.மீ.க்குள் அடங்கிவிட்டது.

முதல் வாரமே தப்பு செய்தேன். பிரெஞ்சுக்காரர்கள் எலியான் 2 என்றும் வியட்நாமியர் ஏ1 என்றும் சொன்ன குன்று, தரையிலிருந்து சுமார் 30 மீட்டர்தான். என் அளவில் ஒன்றரை மி.மீ., ஒரு ரூபாய் நாணயத்தின் கனம். கண்ணுக்கே தெரியவில்லையே என்று அதை மட்டும் உயர்த்திவிட்டேன். பார்த்தால் குன்று சுற்று மலைகளுக்குச் சமமாக நிற்கிறது! பிய்த்தெடுத்து, எல்லா உயரத்தையும் ஒரே மாதிரி மூன்று மடங்காக்கி, அட்டை அடுக்கிக் காகிதக் கூழ் பூசினேன்.

காய்ந்தபின் கிழக்கு மலை விளிம்பில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். விமான ஓடுதளம் முழுசாகத் தெரிந்தது. படித்தபோது புரியாதது அப்போதுதான் புரிந்தது. அந்த மலைகளுக்குப் பெரிய பீரங்கி வராது, வந்தாலும் அடக்கிவிடலாம் என்று பிரெஞ்சுத் தளபதிகள் நம்பினார்கள். வியட் மின் வீரர்களோ இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மி.மீ. பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையால் இழுத்து வந்தார்கள். ஜனவரியில் அவர்களுடைய தளபதி ஜெனரல் கியாப் தாக்குதலைத் தள்ளிவைத்தபோது திரும்ப இழுத்துப்போய், மறுபடியும் கொண்டுவந்தார்கள். எத்தனை தோள்கள் காய்த்துப்போயிருக்கும்! அந்த 24 பீரங்கிகளுக்கு 24 கேழ்வரகு மணிகளை ஊசிமுனையால் ஒட்டினேன்.

மார்ச் 13 மாலை அவை சுடத் தொடங்கின. அன்று இரவே பிரெஞ்சுக்காரர்களின் பியாட்ரிஸ் அரண் விழுந்தது. மாதக் கடைசிக்குள் ஓடுதளமும் போயிற்று. அப்புறம் பிரெஞ்சுப் படைக்குப் பாராசூட்டில் போட்டதுதான் சோறும் தோட்டாவும்.

இந்த வாரம் பதுங்குகுழிகள். வியட் மின் வீரர்கள் நூறு கி.மீ.க்கு மேல் வெட்டினார்கள்; அந்த நூறே என் பலகையில் 5 மீட்டர் நூல். பழுப்பு நூலை ஃபெவிகாலில் நனைத்து, முகாமை நோக்கி வளைத்து வளைத்து ஒட்டுகிறேன். இரண்டு மீட்டர்தான் முடிந்திருக்கிறது.

ஏ1 குன்றின் அடியில் சுரங்கம் தோண்டி, கிட்டத்தட்ட ஒரு டன் வெடிமருந்தை மே 6 இரவு வெடிக்கவைத்தார்கள். அந்தப் பள்ளம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆணிமுனையால் அதையும் குழித்துவிட்டேன். மறுநாள் மாலை தலைமை முகாம் விழுந்தது. மே 8 அன்று ஜெனீவாவில் இந்தோசீனப் பேச்சுவார்த்தை தொடங்கியது.

மீதி மூன்று மீட்டர் நூலும், பள்ளத்தாக்கில் ஓடும் நாம் யும் ஆற்றுக்கு நீலமும் பாக்கி. தெற்கே தனியாகக் கிடந்த இசபெல் அரண் இன்னும் வெறும் அட்டைதான்.