மூன்று தீபாவளியும் ஒரு முடிவெட்டும்

தீபாவளிக்குத் திருச்சியில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். எண்பது தாண்டிய மனிதர். சாய்வு நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் பழைய பாட்டுகள் நிரப்பிய காரவான் பெட்டி. எதிரே கல்லூரியில் படிக்கும் பேரன், தோள் வரை தொங்கும் முடியோடு.

"நல்ல நாளும் அதுவுமா பரதேசி மாதிரி நிக்கிறான் பாரு" என்று முறைத்துவிட்டு, பெரியப்பா அந்தக் கால நட்சத்திரப் பாடகர்-நடிகர் தியாகராஜ பாகவதர் பாட்டைப் போட்டார். "1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ். மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்த படம், தெரியுமாடா?"

பேரன் ஒரு காதை மட்டும் விடுவித்தான். "இது டி.எம்.எஸ்.தானே தாத்தா?"

பெரியப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பையன் ஒரேயடியாகத் தப்பும் இல்லை. டி.எம்.எஸ். 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாட வந்தபோது பாகவதர் பாணியில்தான் பாடினார். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அதிரசத் தட்டு பெரியப்பா பக்கம் இருந்தது.

"நீயே தேடிப் பாரு" என்றார். தேடினான். ஒரு நிமிடம் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் ஸ்லோ" என்று வேகத்தை ஒன்றரை மடங்காக்கினான். 'மன்மத லீலையை' ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடியது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சிரித்தேன். உடனே என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கும் ஓல்டு சாங்ஸ் வச்சிருக்கேன் சித்தப்பா. ரோஜா போடவா?"

ரோஜா ஓல்டா? 1992 நேற்றுதானே! நியாயம் கேட்க ஆளைத் தேடினால், பெரியப்பா "அது பாட்டாடா, இரைச்சல்" என்று பேரன் கட்சிக்குத் தாவிவிட்டார்.

பாகவதருக்கு இந்த மறதி புதிதல்ல. கொலை வழக்கில் சிக்கி 1947இல் விடுதலையாகி வந்தபின் அவர் படங்கள் எடுபடவில்லை. 1959இல் காலமானபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காசு கொட்டிக் கேட்ட அதே ஊர்கள்தான் அதற்குள் வேறு குரலுக்கு மாறியிருந்தன.

பேரன் இதற்குள் பாகவதரின் புகைப்படங்களைத் தேடப் போய்விட்டான். "தாத்தா, இவருக்கும் தோள் வரைக்கும் முடி!"

"அது பாகவதர் கிராப்புடா. அந்தக் காலத்துல ஊரே வச்சிருந்தது."

"உங்க அப்பாகூடத்தான?" என்று நான் கேட்க, அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: "அவர் தலைக்கு எண்ணெய் வாங்கியே இந்தக் குடும்பம் கடனாச்சு."

பெரியப்பா அவசரமாக ஒலியைக் கூட்டினார். பேரன் அந்தப் படத்தைச் சேமித்துக்கொண்டான், அடுத்த முறை சலூனில் காட்ட.